கோளாறு கையிலா, கழுத்திலா? முன்கைத் தசைகளை வைத்து நரம்பைத் தேடும் விதம்

விரல் மரத்துப்போகிறது, பிடித்த பொருள் கைநழுவுகிறது என்று மருத்துவரிடம் போனால், அவர் விரலை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். கழுத்தைத் திருப்பச் சொல்வார். முழங்கைக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டுவார். "மணிக்கட்டை மேலே தூக்குங்க, நான் அழுத்துறேன், விடாதீங்க" என்பார். கட்டை விரல் நுனியை மடக்கச் சொல்வார், ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்வார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போலத் தெரியும் இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன: கழுத்திலிருந்து விரல் வரை ஓடும் நரம்பு எந்த இடத்தில் அழுந்தியிருக்கிறது?

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். ஸ்கேன் மட்டும் போதாது. 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாத 63 பேருக்குக் கழுத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 19 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு படத்தில் தெரிந்தது. 40 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்தால் 28 சதவீதம். 2015இல் வந்த ஜப்பானிய ஆய்வு இன்னும் பெரியது. நலமாக இருந்த 1,211 பேரைப் படம் பிடித்ததில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு, ஓரளவு பிதுங்கியிருந்தது. ஆக, "உங்க கழுத்துல டிஸ்க் பிதுங்கியிருக்கு" என்று ரிப்போர்ட்டில் வந்தால், கைவலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று ஆகாது. வலியே இல்லாத பெரும்பாலானோருக்கும் அதே ரிப்போர்ட் வரக்கூடும். படத்தில் தெரியும் பிதுக்கம்தான் கையில் இருக்கும் கோளாறுக்குக் காரணமா என்று உறுதிசெய்ய, கையைத்தான் சோதித்தாக வேண்டும். அதிலும் முன்கைத் தசைகள் சொல்லும் தகவல் அபாரமானது.

ஏன் என்றால், முன்கையில் உள்ள ஒவ்வொரு தசைக்கும் இரண்டு முகவரிகள் இருக்கின்றன. ஒன்று, அந்தத் தசைக்குக் கைக்குள் வந்து சேரும் நரம்பின் பெயர். இன்னொன்று, அந்த நரம்பிழைகள் கழுத்தில் எந்த வேரிலிருந்து கிளம்பின என்பது. பலவீனமான தசைகளுக்கு எல்லாம் முதல் முகவரி ஒன்றாக இருந்தால் கோளாறு கையில். இரண்டாவது முகவரி ஒன்றாக இருந்தால் கோளாறு கழுத்தில். இந்தக் கட்டுரையில் இனி வரப்போவது எல்லாம் இதன் விரிவுதான்.

கழுத்தில் நடப்பது

கழுத்தில் 7 முள்ளெலும்புகள். ஆனால் அங்கிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள், பக்கத்துக்கு 8. முதல் ஏழு வேர்களும் தங்கள் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியேறுகின்றன. எட்டாவது வேர், ஏழாம் கழுத்து முள்ளெலும்புக்கும் மார்புப் பகுதியின் முதல் முள்ளெலும்புக்கும் நடுவே வருகிறது. இவற்றைச் சி1, சி2 என்று தொடங்கி சி8 வரை எண்ணுவார்கள். அதற்கு அடுத்தது டி1, அதாவது மார்புப் பகுதியின் முதல் வேர். இந்த எண் கணக்கு ஒரு இடத்தில் மட்டும் முக்கியம்: ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கினால் அழுந்துவது சி6 வேர், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே என்றால் சி7 வேர்.

ஒவ்வொரு வேரும் தண்டுவடத்திலிருந்து முன்னும் பின்னுமாக இரண்டு கிளைகளாகக் கிளம்புகிறது. முன்னால் வருவது தசைகளை இயக்குவது, பின்னால் வருவது உணர்ச்சியைக் கொண்டுபோவது. இரண்டும் எலும்புகளுக்கு இடையிலுள்ள ஒரு சிறு துளையில் சேர்ந்து வெளியே வருகின்றன. சிக்கல் பெரும்பாலும் இந்தத் துளையில்தான். இளம் வயதில் டிஸ்கின் மென்மையான உட்பகுதி பின்புறமாக வெளியே வந்து வேரை நெருக்கலாம். வயதானவர்களுக்கு டிஸ்க் உயரம் குறைந்து, ஓரங்களில் எலும்பு முளைத்து, துளையே குறுகிப்போகிறது. பேச்சு வழக்கில் "கழுத்துத் தேய்மானம்" என்று சொல்வது இதைத்தான். தலையை அண்ணாந்து அதே பக்கம் சாய்த்தால் இந்தத் துளை இன்னும் சுருங்கும். அதனால்தான் மேலே அண்ணாந்து பார்க்கும்போது கைக்குள் சுரீரென்று இழுக்கிறது.

அழுத்தம் மட்டுமே வலியைத் தருவதில்லை. அழற்சி இல்லாத நல்ல வேரை மெதுவாக அழுத்தினால் மரத்துப்போகும், பலம் குறையும். வலி அவ்வளவாக இருக்காது. டிஸ்கிலிருந்து கசியும் பொருட்களால் வேர் வீங்கிச் சிவந்திருந்தால்தான் லேசான அழுத்தமும் தாங்க முடியாத வலியாகிறது. படத்தில் பெரிய பிதுக்கம் இருப்பவர் சும்மா நடமாடுவதும், சின்னப் பிதுக்கம் உள்ளவர் தூக்கமின்றித் தவிப்பதும் இதனால் நேரலாம்.

அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை நடந்த கணக்கெடுப்பு, கழுத்தில் நரம்பு வேர் அழுந்தும் இந்த நோய் பற்றிய அடிப்படைத் தகவல்களில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 83 பேருக்கு இது வந்தது. 50 முதல் 54 வயதுக்காரர்களிடம்தான் அதிகம். அடிபட்டோ பாரம் தூக்கியோ தொடங்கியவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்குத் தானாக வந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட வேர் சி7, அடுத்தது சி6. இன்னொரு நல்ல செய்தியும் அதில் இருந்தது: பின்னர் கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேருக்குத் தொந்தரவு இல்லை, அல்லது லேசாக மட்டுமே இருந்தது. அறுவை சிகிச்சை வரை போனவர்கள் நால்வரில் ஒருவர் அளவுக்குத்தான்.

வேர்கள் கலந்து நரம்பாகும் இடம்

சி5 முதல் டி1 வரையுள்ள ஐந்து வேர்களும் நேராகக் கைக்குள் இறங்குவதில்லை. கழுத்தின் பக்கவாட்டிலும் அக்குளிலும் ஒன்றோடொன்று சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஒரு பின்னலாகின்றன. மருத்துவ மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும் பிரேக்கியல் பிளெக்சஸ் இதுதான். முழுப் படத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஒரே வேரின் இழைகள் பல நரம்புகளுக்குப் பிரிந்து போகின்றன, ஒரே நரம்புக்குள் பல வேர்களின் இழைகள் வந்து சேர்கின்றன. இந்தக் கலப்பு மட்டும் இல்லையென்றால் கழுத்துக் கோளாறையும் கைக் கோளாறையும் தசையை வைத்துப் பிரிக்கவே முடியாது.

பின்னலைத் தாண்டி முன்கைத் தசைகளுக்கு வரும் நரம்புகள் மூன்று: மீடியன், அல்னார், ரேடியல்.

முன்கையில் மொத்தம் 20 தசைகள். உள்ளங்கைப் பக்கம் 8, புறங்கைப் பக்கம் 12. உள்ளங்கைப் பக்கத்துத் தசைகள் மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும், உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையைத் திருப்பும். இந்த எட்டில் ஆறு முழுக்க மீடியன் நரம்பின் பொறுப்பு. சுண்டு விரல் பக்கமாக மணிக்கட்டை மடக்கும் தசை முழுவதும் அல்னார் நரம்புக்கு. விரல் நுனிகளை மடக்கும் ஆழமான தசை மட்டும் பாகப்பிரிவினை ஆகியிருக்கிறது: ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம் மீடியனுக்கு, மோதிர விரல், சுண்டு விரல் பக்கம் அல்னாருக்கு. புறங்கைப் பக்கத்துப் பன்னிரண்டும் ரேடியல் நரம்பையும் அதன் கிளைகளையும் சேர்ந்தவை. மணிக்கட்டைத் தூக்குவது, விரல்களை நீட்டுவது, கட்டை விரலை விலக்குவது எல்லாம் அவற்றின் வேலை.

அந்தப் பன்னிரண்டில் ஒரு விசித்திரமான தசை உண்டு, பிரேக்கியோரேடியாலிஸ். கட்டை விரல் மேலே பார்க்க, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, இன்னொரு கையால் முன்கையைக் கீழே அழுத்திப் பாருங்கள். முழங்கைக்கு அருகே கட்டை விரல் பக்கமாகத் திரண்டு எழுவது அதுதான். நீட்டும் தசைகளின் கூட்டத்தில் இருந்துகொண்டு, நீட்டும் நரம்பான ரேடியலையே வாங்கிக்கொண்டு, முழங்கையை மடக்கும் வேலையைச் செய்கிறது. பின்னால் இந்தத் தசை நமக்கு மிகவும் பயன்படப் போகிறது.

இது முதல் முகவரி. இரண்டாவதைப் பார்க்கலாம். வேர்களின் பங்கீடு ஏறக்குறைய மேலிருந்து கீழாக இறங்குகிறது. பிரேக்கியோரேடியாலிஸ் சி5, சி6. மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் முக்கியமானவையும் உள்ளங்கையைக் கீழே திருப்பும் தசையும் சி6, சி7. முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் முன்கையில் இல்லை என்றாலும் இந்தக் கதையில் இல்லாமல் முடியாது. அதன் முதன்மை வேர் சி7. மணிக்கட்டைக் கட்டை விரல் பக்கமாக மடக்கும் தசை சி6, சி7. விரல்களை நீட்டும் தசைகள் சி7, சி8. விரல் நுனிகளையும் கட்டை விரல் நுனியையும் மடக்குபவை சி8, டி1. உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும் சின்னத் தசைகளும் அதே சி8, டி1.

ஒரு தசைக்கு ஒரே வேர் என்பது அநேகமாக எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் ஒரு வேர் மட்டும் அழுந்தினால் தசை பலமிழக்குமே தவிர, முற்றிலும் செயலிழப்பது அரிது. மணிக்கட்டு சுத்தமாகத் தொங்கிவிட்டது, துளியும் தூக்க முடியவில்லை என்றால் நான் முதலில் கழுத்தைச் சந்தேகிக்க மாட்டேன்.

தொங்கும் மணிக்கட்டு: சி7ஆ, ரேடியல் நரம்பா?

நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப்போட்டபடி அசந்து தூங்கியவர் காலையில் எழுந்தால் மணிக்கட்டைத் தூக்க முடிவதில்லை. மேற்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு போகும் இடத்தில் ரேடியல் நரம்பு மணிக்கணக்கில் அழுந்தியிருக்கிறது. இன்னொருவருக்குக் கழுத்தில் சி7 வேர் அழுந்தி, அவருக்கும் மணிக்கட்டும் விரல்களும் நீட்டப் பலமில்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. எப்படிப் பிரிப்பது?

மூன்று தசைகள் போதும். முதலில் ட்ரைசெப்ஸ். ரேடியல் நரம்பு ட்ரைசெப்ஸுக்கான கிளைகளைக் கொடுத்த பிறகுதான் அந்த அழுந்தும் இடத்தைத் தாண்டுகிறது. அதனால் நாற்காலிக்காரருக்கு ட்ரைசெப்ஸ் நன்றாகவே இருக்கும். சி7 அழுந்தியவருக்கோ முதலில் தளர்வது அதுதான். அடுத்து பிரேக்கியோரேடியாலிஸ். இது ரேடியல் நரம்பின் தசை, ஆனால் சி7 வேரின் தசை அல்ல. ஆகவே நாற்காலிக்காரருக்கு இது பலவீனம், கழுத்துக்காரருக்கு இது நலம். மூன்றாவதாக, மணிக்கட்டைக் கட்டை விரல் பக்கமாக மடக்கும் தசை. இது மீடியன் நரம்பைச் சேர்ந்தது, ரேடியலோடு எந்த உறவும் இல்லை. ஆனால் சி7இன் பங்கு இதில் கணிசம். மடக்குவதும் பலவீனம், நீட்டுவதும் பலவீனம் என்றால், கைக்குள் உள்ள எந்த ஒரு நரம்பாலும் அதை விளக்க முடியாது. கழுத்துக்குத்தான் போக வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. மணிக்கட்டு தொங்கும்போது கைப்பிடியும் பலவீனமாகத் தெரியும். உங்கள் மணிக்கட்டை முழுக்கக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், முடியாது. மணிக்கட்டு சற்று மேலே தூக்கியிருந்தால்தான் விரல் மடக்கும் தசைகளுக்கு இழுவிசை கிடைக்கும். அதனால் பிடி தளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு "மீடியனும் போய்விட்டது, எனவே கழுத்துதான்" என்று முடிவு கட்டினால் தப்பு. மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும். விரல்களை விரிப்பதும் அப்படியே. கையை மேசைமேல் தட்டையாக வைத்த பிறகு சோதித்தால்தான் உண்மை தெரியும்.

ரேடியல் நரம்பின் ஆழமான கிளை மட்டும் முழங்கைக்குக் கீழே அழுந்தினால் படம் மாறும். விரல்கள் தொங்கும், ஆனால் மணிக்கட்டைத் தூக்க முடியும். தூக்கும்போது கட்டை விரல் பக்கமாகச் சாய்ந்துகொண்டு எழும்பும், ஏனென்றால் அந்தப் பக்கத்துத் தசைக்கு அதற்கு முன்பே நரம்பு கிடைத்துவிட்டது. தோலில் மரப்பு இருக்காது.

மரத்துப்போன சுண்டு விரல்: சி8ஆ, அல்னார் நரம்பா?

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். முழங்கையின் உட்புறம் எங்காவது இடித்துக்கொண்டால் விண்ணென்று தெறிக்குமே, அங்கே ஓடுவது அல்னார் நரம்பு. அது அந்த இடத்தில் அழுந்தினால் சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மரக்கும், விரல்களை விரிக்கும் பலம் குறையும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை மெலியும். கழுத்தில் சி8 வேர் அழுந்தினாலும் இதே பகுதிதான் மரக்கும், இதே சின்னத் தசைகள்தான் தளரும்.

பிரித்துக் காட்டுபவை முன்கையில் இருக்கின்றன. ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டும் தசை ரேடியல் நரம்பைச் சேர்ந்தது; கட்டை விரல் நுனியை மடக்கும் தசை மீடியன் நரம்பைச் சேர்ந்தது. ஆனால் இரண்டுக்கும் வேர் சி8இல் இருக்கிறது. அல்னார் நரம்பு மட்டும் பழுதானவருக்கு இவை இரண்டும் உறுதியாக இருக்கும். சி8 வேர் பழுதானவருக்கு இவையும் சேர்ந்து தளரும். ஆக, சுண்டு விரல் மரத்தவரிடம் ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் சோதிப்பது வேண்டாத வேலை அல்ல. அதுதான் தீர்ப்புச் சொல்லும் இடம்.

1915இல் பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரோமான் விவரித்த காகிதச் சோதனையும் இங்கே உதவும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி இழுப்பார்கள். கட்டை விரலை உள்நோக்கி அழுத்தும் தசை அல்னார் நரம்பைச் சேர்ந்தது. அது தளர்ந்தவர், காகிதம் நழுவாமல் இருக்கக் கட்டை விரல் நுனியை மடக்கிச் சமாளிப்பார். மீடியன் நரம்பின் தசை நலமாக இருப்பதால்தான் இந்தச் சமாளிப்பு முடிகிறது. சி8இல் அந்த மடக்கும் தசையும் சேர்ந்து தளர்வதால், சமாளிக்கவும் பலம் போதாது.

தோலும் இதில் சாட்சி சொல்லும். அல்னார் நரம்பு மோதிர விரலை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கிறது: சுண்டு விரல் பக்கம் மரக்கும், நடுவிரல் பக்கம் மரக்காது. வேர்க் கோளாறில் இப்படிக் கோடு போட்டது போலப் பிரிவது வழக்கமில்லை. அதோடு அல்னார் நரம்பின் மரப்பு மணிக்கட்டு அருகே நின்றுவிடும். முன்கையின் உட்புறத் தோலுக்கு உணர்ச்சி தருவது பின்னலிலிருந்து தனியாக வரும் வேறொரு நரம்பு. மரப்பு மணிக்கட்டைத் தாண்டி முன்கை உட்புறமாக மேலேறினால் முழங்கையை விட்டுவிட்டு இன்னும் மேலே தேட வேண்டும்.

மூன்றாவது குழப்பம் சி6க்கும் மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் கோளாறுக்கும். இரண்டிலும் கட்டை விரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரக்கும். மீடியன் நரம்பு முன்கைத் தசைகளுக்கு எல்லாம் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் மணிக்கட்டுக் குகைக்குள் நுழைகிறது. அதனால் கார்ப்பல் டனலில் முன்கைத் தசைகள் எதுவும் தளராது. கட்டை விரல் மேட்டிலுள்ள தசைகள் மட்டுமே தளரும். நடு ராத்திரியில் மரத்து எழுப்பிவிடும், கையை உதறினால் சரியாகும் என்பது இதன் வழக்கமான கதை. சி6இல் முழங்கையை மடக்குவது, மணிக்கட்டைத் தூக்குவது, உள்ளங்கையைக் கீழே திருப்புவது ஆகியவை தளரும். பைசெப்ஸ், பிரேக்கியோரேடியாலிஸ் அனிச்சைகள், அதாவது சுத்தியலால் தட்டினால் தசை தானாகத் துள்ளுவது, மங்கும்.

சோதிக்கும் முறையில் சில நுணுக்கங்கள்

தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இரண்டாம் உலகப் போர்க்கால நரம்புக் காயங்களுக்காக 1943இல் வெளியிட்ட அளவுகோல் அது. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் தூக்க முடியும். 5 என்றால் இயல்பு. கழுத்து நரம்புக் கோளாறில் பெரும்பாலும் பார்ப்பது 4, அதாவது எதிர்ப்பைத் தாங்கும் ஆனால் முழுமையாக இல்லை. இந்த 4ஐக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கட்டுமஸ்தான ஆளின் ட்ரைசெப்ஸ் பாதி பலம் இழந்திருந்தாலும் சோதிப்பவரின் கையைத் தள்ளிவிடும். அதனால் இரண்டு கைகளையும் ஒப்பிட வேண்டும்; முழங்கையை நன்றாக மடக்கி, தசைக்குச் சாதகமில்லாத நிலையில் வைத்துத் தள்ளச் சொல்ல வேண்டும். வலியால் தளர்வதையும் நிஜமான பலவீனத்தையும் பிரிக்க வேண்டும். வலிக்காக விடும் கை திடீரென்று விட்டுவிடும். பலமில்லாத கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

ட்ரைசெப்ஸ் அனிச்சை குறைந்தால் சி7 என்பது நம்பகமான குறி. மரப்பு, விரல் நுனியில் இருந்தால் பயன்படும்: கட்டை விரல் சி6, நடுவிரல் சி7, சுண்டு விரல் சி8. வலி இருக்கும் இடத்தை மட்டும் வைத்து வேரைக் கணிக்கப் போனால் ஏமாற்றமே. தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில் குடையும் வலி எந்த வேரிலும் வரலாம், கைக்குப் பல நாள் முன்னதாகவே வரலாம்.

அப்புறம் கழுத்தைச் சோதிக்கும் முறைகள். ஸ்பர்லிங், ஸ்கோவில் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1944இல் சொன்னது இன்றும் நடக்கிறது: தலையை வலியுள்ள பக்கம் சாய்த்து, உச்சியில் மெல்ல அழுத்துவது. கைக்குள் வலி இறங்கினால் நேர்மறை. கழுத்தில் மட்டும் வலித்தால் அது கணக்கில் வராது. இந்தச் சோதனை நேர்மறை என்றால் நம்பலாம், எதிர்மறை என்றால் கோளாறு இல்லை என்று சொல்ல முடியாது. அடிபட்ட கழுத்திலும், மூட்டுவாதத்தால் தளர்ந்த கழுத்திலும் இதைச் செய்யவே கூடாது. வீட்டில் ஒருவர் தலையை இன்னொருவர் அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம். தலையை மெல்ல மேலே இழுக்கும்போது வலி குறைவதும், கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் சுகமாக இருப்பதும் வேர் அழுத்தத்துக்குச் சாதகமான அறிகுறிகள். சிலர் யாரும் சொல்லாமலே கையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அப்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

2003இல் வெய்னர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்: ஸ்பர்லிங், தலையை இழுப்பது, கை நரம்பை நீட்டி இழுக்கும் சோதனை, வலியுள்ள பக்கம் கழுத்து 60 பாகைக்குக் குறைவாகத் திரும்புவது. நான்கும் நேர்மறை என்றால் வேர்க் கோளாறு இருக்கும் வாய்ப்பு 90 சதவீதம். மூன்று என்றால் 65. நரம்பை நீட்டி இழுக்கும் சோதனையில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் வேர்க் கோளாறு அநேகமாக இல்லை.

ஊசிச் சோதனை

கையால் சோதித்து முடிவுக்கு வர முடியாதபோது நரம்பு மின்னோட்டச் சோதனையும் இஎம்ஜியும் உதவுகின்றன. இஎம்ஜியில் மெல்லிய ஊசியைத் தசைக்குள் விட்டு அதன் மின் அசைவைக் கேட்பார்கள். நரம்பிழை துண்டான தசைநார்கள், யாரும் சொல்லாமலே தாமாகத் துடிக்கும். இந்தத் துடிப்பு வெளிப்படக் கையில் சுமார் 3 வாரம் ஆகும். வலி வந்த மறுநாளே இந்தச் சோதனை செய்துகொண்டு "எல்லாம் நார்மல்" என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை.

எந்தத் தசைகளில் ஊசி போடுவது என்பதில் மறுபடி அந்த இரண்டு முகவரிகள்தான். ஒரே வேரிலிருந்து வரும், ஆனால் வெவ்வேறு நரம்புகளைச் சேர்ந்த இரண்டு தசைகளாவது பாதித்திருக்க வேண்டும். சி7 என்றால் ட்ரைசெப்ஸும் மணிக்கட்டைக் கட்டை விரல் பக்கமாக மடக்கும் தசையும். சி8 என்றால் ஆள்காட்டி விரல் நீட்டும் தசை, கட்டை விரல் மடக்கும் தசை, விரல் விரிக்கும் சின்னத் தசை. மூன்றும் மூன்று நரம்புகளைச் சேர்ந்தவை, வேர் மட்டும் ஒன்று. அதோடு கழுத்தின் பின்புறத் தசைகளிலும் பார்ப்பார்கள். வேர் துளையை விட்டு வெளியே வந்ததும் ஒரு சிறு கிளை பின்னால் திரும்பி இந்தத் தசைகளுக்குப் போய்விடுகிறது. அங்கேயும் துடிப்பு இருந்தால் பழுது பின்னலுக்கும் முந்திய இடத்தில்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த உண்மை இனி வருவது. கழுத்து நரம்பு அழுந்தி விரல் மரத்தவருக்கு, அந்த விரலின் உணர்ச்சி நரம்பில் மின்னோட்டம் பாய்ச்சிப் பார்த்தால் முழுக்க இயல்பாக இருக்கும். காரணம், உணர்ச்சி நரம்பிழைகளின் உயிரணுக்கள் தண்டுவடத்துக்குள் இல்லை. வெளியே, துளையருகே ஒரு சிறு முடிச்சில் இருக்கின்றன. அழுத்தம் பொதுவாக அந்த முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் இடையில் விழுகிறது. ஆகவே முடிச்சிலிருந்து விரல் வரையுள்ள இழை உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கிறது. செய்தி மேலே போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான். அல்னார் நரம்பு முழங்கையில் பழுதாகி அதன் இழைகள் அழிந்திருந்தால் அதே சோதனையில் அலை சிறுத்துவிடும். விரல் மரத்திருக்கிறது, ஆனால் உணர்ச்சி நரம்புச் சோதனை இயல்பு என்ற முரண்பாடே கழுத்தைச் சுட்டிக்காட்டும் தடயம். உணர்ச்சி வேர் மட்டும் அழுந்தியிருந்தால் இஎம்ஜியும் இயல்பாகவே வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது தசை நரம்புகளைத்தான் கேட்கிறது.

எல்லாருக்கும் வரைபடம் ஒன்றுபோல இருக்காது. சிலருக்குப் பின்னல் ஒரு வேர் மேலே தள்ளி அல்லது கீழே தள்ளி அமைந்திருக்கும். கணிசமானவர்களுக்கு முன்கையில் மீடியன் நரம்பிலிருந்து சில இழைகள் அல்னார் நரம்புக்குத் தாவுகின்றன. அதைக் கண்டுசொன்னவர்களின் பெயரால் மார்ட்டின்–க்ரூபர் இணைப்பு என்பார்கள். ஒருவருக்கே கழுத்திலும் மணிக்கட்டிலும் இரண்டு கோளாறுகள் இருப்பதும் உண்டு.

தாமதிக்கக் கூடாத நிலைமைகள்

வேர் அழுந்துவதும் தண்டுவடமே அழுந்துவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் பல நேரம் வலியே இருப்பதில்லை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கையெழுத்து மாறிவிட்டது, நடக்கும்போது தள்ளாடுகிறது, சிறுநீர் அவசரமாக வருகிறது அல்லது வர மறுக்கிறது என்பவைதான் அடையாளங்கள். முன்கை இங்கேயும் ஒரு தகவல் தரும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டை விரல் பக்கம், பிரேக்கியோரேடியாலிஸ் தசைநாணைத் தட்டினால் இயல்பாக முழங்கை லேசாக மடங்க வேண்டும். அது மடங்காமல், விரல்கள் மடங்கினால் சி5, சி6 மட்டத்தில் தண்டுவடம் அழுந்தியிருக்கிறது என்று பொருள். அந்த மட்டத்து அனிச்சை அறுந்துபோயிருக்கிறது, அதற்குக் கீழேயுள்ள சி8இன் அனிச்சை மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் மிகையாகியிருக்கிறது.

நாளுக்கு நாள் பலவீனம் கூடுவது, காய்ச்சலோடு கழுத்துவலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாகக் கழுத்துவலி, காரணமின்றி எடை குறைவது ஆகியவையும் உடனே பார்க்க வேண்டியவை. கையின் உட்புறம் வலித்து, அதே பக்கத்துக் கண்ணிமை தொங்கி, கண்மணியும் சிறுத்திருந்தால் நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது சி8, டி1 இழைகளை அங்கே நெருக்கக்கூடியது. இடது கைவலியோடு மார்பில் அழுத்தமும் வியர்வையும் இருந்தால் கழுத்தைப் பற்றிய யோசனையே வேண்டாம், இதயத்துக்கான அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தண்டுவடச் சந்தேகம் இருக்கும் எவருக்கும், எம்.ஆர்.ஐ. பார்க்கும் வரை கழுத்தைச் சொடுக்கெடுப்பதும் இழுத்துவிடுவதும் கூடாது.